ரெண்டாவது ஜாய்ஸ்டிக்

அடாப்டர் சூடாக இருந்தது.

சிவரஞ்சனி அதைக் கீழே வைத்தாள். உள்ளங்கையைச் சேலையில் துடைத்துவிட்டு மறுபடி தொட்டுப் பார்த்தாள். சந்தேகமே இல்லை, வெகுநேரம் பேசி முடித்த செல்போன் மாதிரி ஒரு சூடு. அண்ணன் வல்லரசின் பதினாறாம் நாள் காரியம் முடிந்த அன்று மெயினை இறக்கி, வீட்டைப் பூட்டி, சாவியை இடுப்பில் செருகிக்கொண்டு ராஜபாளையத்துக்கு பஸ் ஏறியவள் அவள்தான். ரெண்டு மாதமாக இந்த வீட்டில் கரண்ட் கிடையாது. இன்றைக்கு வந்தபோதும் பகல்தானே என்று மெயினை ஏற்றவில்லை. மாடி அறை, மேலே மொட்டை வெயில், அதனால் சூடாகியிருக்கும் என்று சொல்லிக்கொண்டாள். பக்கத்தில் கிடந்த மற்ற ஏழு அடாப்டர்களும் ஜில்லென்று இருந்தன. அதை யோசிக்க அவளுக்கு நேரமில்லை. கோபப்படவே நேரம் போதவில்லை.

ஆடிப்பூரத் தேர் அன்றைக்கு. மாவட்டத்துக்கே லீவு என்பதால் மில்லில் அவள் நூல் சோதிக்கிற லேபும் லீவு. ஸ்ரீவில்லிபுத்தூரில் இருக்கிற சனம் அத்தனையும் ரத வீதிகளில் நின்றது. தெருவில் ஒரு குஞ்சு குருமான் இல்லை. மலையிலிருந்து இறங்குகிற ஆடிக்காற்று தேர்க்கூட்டத்தின் சத்தத்தை அள்ளிக்கொண்டு வந்து ஜன்னலில் மோதும், பிறகு அப்படியே எடுத்துக்கொண்டு போய்விடும். சத்தம் போனபின் வருகிற அமைதியில் அறைக்குள் ஏதோ மெலிதாக 'ஈ...' என்று இழுத்துக்கொண்டிருந்தது. ஜன்னல் கண்ணாடி முழுக்க அண்ணன் கறுப்புத் தாள் ஒட்டியிருந்தான், டிவியில் வெளிச்சம் அடிக்கக் கூடாதாம். காலை பத்து மணிக்கே அங்கே கருக்கல் நேரத்து வெளிச்சம்தான். பழைய பிளாஸ்டிக் நெடி, எலிப்புழுக்கை நெடி, அதற்கு அடியில் இன்னதென்று பிடிபடாத இன்னொரு வாசனை.

கீழே கூடத்தில் மகள் கனகலட்சுமி முனகுவது கேட்டது. ஒன்பது வயது. தேர் பார்க்கக் கூட்டிப் போகிறேன் என்று சொல்லித்தான் அவளைக் கூட்டி வந்திருந்தாள்.

"எம்மா, எப்பம்மா போவோம்? தேரு நிலைக்குப் போயிரும்மா."

"செத்த இருட்டி கனகு. இந்தக் குப்பைய ஒதுக்கிட்டு வாரேன்."

குப்பை என்றுதான் சொன்னாள். பின்னே என்னவாம்? பட்டாளத்தில் பதினேழு வருஷம் இருந்துவிட்டு வந்தவன் ஊரில் நாலு பேரைப் போல ஒரு தோப்பைப் பார்த்திருக்கலாம், ஒரு பெண்ணைக் கட்டியிருக்கலாம். வல்லரசு பழைய வீடியோ கேம் சேர்த்தான். சுவர் மூன்றிலும் அலமாரி அடித்து, கேசட் சொருகுகிற பெட்டிகள், சிடி போடுகிற சாம்பல் நிறப் பெட்டிகள், செங்கல் அளவில் கையில் பிடித்து ஆடுகிற பெட்டிகள், பெயர் தெரியாத வயர்கள். நடுவில் இருபத்தொரு இஞ்ச், பின்பக்கம் புடைத்த பழைய குழாய் டிவி. கேசட்டுக்கு மட்டும் முந்நூறுக்குக் குறையாது. இவ்வளவையும் தொட்டுத் துடைக்க நேரம் இருந்தவனுக்குப் பெற்றவளைத் திரும்பிப் பார்க்க நேரமில்லை. அம்மா ஒன்பது மாதம் கீழே படுக்கையில் கிடந்தாள். "ஏலே வல்லரசு" என்று அவள் கூப்பிட்டால் மாடியிலிருந்து எப்போதும் ஒரே பதில்தான் வரும்: "செத்த இரும்மா, இந்த லைஃப் முடியட்டும்." ராஜபாளையத்திலிருந்து தினமும் பஸ்ஸில் வந்து மூத்திரத் துணி அலசிவிட்டுப் போனவள் சிவரஞ்சனி. அம்மா உயிர் போன சாயங்காலம் வாயில் பாலை ஊற்றிக்கொண்டிருக்கும்போதே மேலே டொய்ங் டொய்ங் என்று ஆட்டத்தில் அவன் நாணயம் பொறுக்குகிற சத்தம் கேட்டது. அதை நினைத்தால் இன்றைக்கும் அவளுக்குக் காது மடல் சுட்டது.

போன் அடித்தது. இம்மானுவேல். ராஜபாளையம் பழைய பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் செல்போன் ரிப்பேர் கடை வைத்திருப்பவன், அவனும் இதே பைத்தியம் பிடித்தவன். எல்லாவற்றையும் எடுத்துக்கொள்கிறேன் என்று அவன்தான் ஒப்புக்கொண்டிருந்தான்.

"அக்கா, தேர்க்கூட்டத்துல வண்டி நகர மாட்டேங்குது. நிலைக்கு வந்த பொறவு வாரேன். அதுக்குள்ள நீங்க ரெண்டாப் பிரிச்சு வச்சிருங்க."

"எனக்கு என்னத்தத் தெரியும் தம்பி?"

"லேசுதாங்க்கா. மஞ்சக் கேசட்டுல தொள்ளாயிரத்துத் தொண்ணூத்தொம்பது ஆட்டம்னு போட்டிருக்கும். உள்ள நாலுதான் இருக்கும், திரும்பத் திரும்ப அதே வரும். அம்புட்டையும் கழிச்சிருங்க. ஸ்க்ரூ நாலு மூலையிலயும் இருந்தா வைங்க. பேட்டரி உப்பியிருந்தா தொடாதீங்க. சிடிப் பெட்டியில லென்ஸ் போயிருந்தாக்கூடப் பரவால்ல, எடுத்துக்கிடுதேன். லேபிளே இல்லாத கேசட்டு இருந்தா மட்டும் தனியா வைங்க, நான் வந்து பாத்துக்கிடுதேன். பொறவு, கேசட்டுக்குள்ள ஊதிராதீங்க. எச்சி பட்டா பின்னு துருப்பிடிச்சிரும்."

அவள் பிரித்தாள். இடது பக்கம் வைக்கிறது, வலது பக்கம் கழிக்கிறது. மஞ்சள் கேசட்டுகளை வலது பக்கம் எறிகிறபோது கொஞ்சம் வேகமாகவே எறிந்தாள். ஓடு உடைந்து உள்ளிருந்த பச்சை சர்க்யூட் பலகை தெறித்தபோது மனசுக்கு இதமாகக்கூட இருந்தது. வைக்கிற குவியல் சிறுத்துக்கொண்டே போனது, கழிக்கிற குவியல் இடுப்புயரம் வந்தது. கடைசியாக டிவிக்கு முன்னால், தரையில், பாய் மேல் இருந்த கறுப்புப் பெட்டி மட்டும் மிச்சம். சூடான அடாப்டர் அதனுடையது. வயரின் மறுமுனை எந்தப் பிளக்கிலும் சொருகாமல் பாய் மேல் கிடந்தது. உள்ளே சாம்பல் நிறக் கேசட். லேபிள் இல்லை.

இந்தப் பெட்டிக்கு முன்னால்தான் அண்ணன் செத்துக் கிடந்தான். முதல் ஜாய்ஸ்டிக்கை விரலிலிருந்து பிரிக்க ரெண்டு பேர் வேண்டியிருந்தது.

அவள் கேசட்டை உருவினாள். அடியில் வரிசையாக இருந்த பின்களில் தூசி இல்லை. ஆனாலும் கை தானாக அதை வாய்க்குப் பக்கத்தில் கொண்டுபோனது. சின்ன வயதில் அண்ணனும் அவளும் எத்தனை ஆயிரம் தடவை ஊதியிருப்பார்கள், படம் வரவில்லையென்றால் ஊது, கோடு விழுந்தால் ஊது. இம்மானுவேல் சொன்னது மறந்தே போயிற்று. 'ஃபூ' என்று ஊதினாள். பிறகு குனிந்து, பெட்டியின் வாய்க்குள்ளும் ஒரு தரம் ஊதினாள்.

பெட்டி திருப்பி ஊதியது.

வெதுவெதுப்பாக. அவள் கன்னத்தில். கிராம்பு வாசனை. பல்வலிக்கு வல்லரசு சதா கடைவாயில் கிராம்பை அடக்கிக்கொண்டிருப்பான். உள்ளே வந்ததிலிருந்து பிடிபடாமல் இருந்த வாசனை அதுதான்.

கேசட் கையிலிருந்து நழுவி விழுந்தது. நேராகப் பெட்டிக்குள் விழுந்தது. 'டக்' என்று உட்கார்ந்துகொண்டது.

ரெண்டரை மாதத்துக்கு முன்னால் ஒரு சாயங்காலம் அவன் போன் செய்தான். இதை அவள் புருஷனிடம்கூடச் சொன்னதில்லை. மில்லிலிருந்து வந்து காலைக்கூடக் கழுவவில்லை, போன் அடித்தது. "ஏட்டி ரஞ்சனி, வாயேன். ஒரு மாதிரியா இருக்கு. செகண்ட் பிளேயர் இல்லாம ஆட முடியல." வயசு நாற்பத்திரண்டு ஆன ஆம்பளை பேசுகிற பேச்சா? அவளுக்கு உடம்பெல்லாம் எரிந்தது. கொஞ்ச நேரம் கழித்து வருகிறேன் என்று சொல்லத்தான் வாயெடுத்தாள். இந்தப் பக்கத்தில் 'செத்தப் பொறுத்து வாரேன்' என்பார்கள். ஆத்திரத்தில் நாக்கு புரண்டது.

"செத்த பொறவு வாரேன்."

அந்தப் பக்கம் அவன் ஆட்டத்தை நிறுத்துகிற 'டக்' சத்தம் கேட்டது. பிறகு மெதுவாக, "என்னட்டி சொன்ன?"

தப்பாக வந்துவிட்டது என்று அவளுக்குத் தெரிந்தது. திருத்தியிருக்கலாம். அம்மாவின் முகம் கண்ணுக்குள் வந்தது. திருத்தவில்லை.

"காது கேக்கலையா? செத்த பொறவு வாரேன்னேன்."

"சரி. வருவேல்ல?"

"வாரேன்."

அன்றைக்கு ராத்திரியே அவன் போய்விட்டான். சொன்ன சொல் தவறாமல் மறுநாள் அவள் வந்தாள்.

டிவி முனகியது. குழாய்க்குள் ஒரு புள்ளி வெளிச்சம் தோன்றி, கோடாக இழுபட்டு, திரை முழுக்க நீலமாக விரிந்தது. பிளக் பாய் மேல்தான் கிடந்தது. கீழே மெயின் இறங்கித்தான் கிடந்தது. திரையில் மஞ்சள் சட்டை போட்ட குட்டி மனிதன் ஒருவன் கல்பாலத்தில் ஓடினான். முள்ளைத் தாண்டினான், வௌவாலைத் தாண்டினான், பள்ளத்தைத் தாண்டினான். மேலே ஓரத்தில் '1' என்று இருந்தது. பாயில் முதல் ஜாய்ஸ்டிக்கின் பட்டன்கள் அழுந்தி அழுந்தி எழும்பின. விரல் இல்லை.

அவளுக்குப் பயத்துக்கு முன்னால் கோபம்தான் வந்தது.

"இப்பமும் ஆட்டந்தானா?" என்றாள். "செத்தும் ஒனக்கு இதானா?"

குட்டி மனிதன் நின்றான். திரும்பி அவளைப் பார்த்தான்.

அவள் படியில் இறங்கி ஓடினாள். பதிமூன்று படி, சுவரோடு ஒட்டிய குறுகல் படி. ஒருவர் ஏறினால் இன்னொருவர் இறங்க முடியாது. கூடத்தில் கனகு இல்லை. அடுப்படியில் இல்லை. வாசல் கதவு உள்ளே தாழ்ப்பாள் போட்டபடி இருந்தது. குட்டிச் செருப்பு ரெண்டும் நடையில் இருந்தன.

"கனகு!"

மாடியில் சிரிப்புச் சத்தம். கனகுவின் சிரிப்பு.

"மாமா, போதும் மாமா! இப்பம் நான், நான்!"

எப்படி ஏறினாள்? எந்த வழியாக? சிவரஞ்சனி தவழ்ந்து, முட்டி தேய, படியேறினாள். டிவி வெளிச்சத்தில் கனகு பாயில் சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தாள். மடியில் ரெண்டாவது ஜாய்ஸ்டிக். அவளுக்குப் பக்கத்தில், இன்னொரு ஆள் உட்காருகிற அளவுக்கு, பாய் அழுந்தியிருந்தது.

திரையில் அந்த மனிதன் பள்ளத்தின் விளிம்புக்கு நடந்தான். தாவவில்லை. வேண்டுமென்றே காலை எடுத்து வைத்தான். விழுந்தான். ஊளை மாதிரி ஒரு இசை. திரை கறுத்தது. பிறகு வெள்ளையாக ஒரே ஓர் எண் வந்தது. '2'.

கனகு பட்டனில் விரலை வைத்தாள்.

சிவரஞ்சனி பாய்ந்து பிடுங்கினாள். யோசிக்கவில்லை, பிள்ளையின் கையில் அது இருக்கக் கூடாது, அவ்வளவுதான். பிடுங்கிய வேகத்தில் அவள் விரல்தான் பட்டனை அழுத்தியது. பச்சைச் சட்டை மனிதன் பாலத்தில் குதித்து இறங்கினான். மேலே மூன்று இதயங்கள் எரிந்தன.

"எம்மா, அது என் சான்ஸு!"

"வாட்டி கீழ!" ஜாய்ஸ்டிக்கை எறிந்துவிட்டுப் பிள்ளையின் தோளைப் பற்றி இழுத்தாள். பிள்ளை நகரவில்லை. திரையில் ஆடுவாரில்லாமல் நின்ற பச்சை மனிதன் மேல் வௌவால் வந்து மோதியது.

ஓர் இதயம் அணைந்தது.

அவள் நெஞ்சுக்குள் யாரோ கையை விட்டுப் பிழிந்த மாதிரி இருந்தது. இடது தோள், முழங்கை, சுண்டுவிரல் வரை வலி ஓடியது. தரையில் விழுந்தாள். மூச்சு வரவில்லை. வரவேயில்லை. பிறகு வந்தது.

ஒரு மாதிரியா இருக்கு என்று அவன் சொன்னது அவளுக்கு அப்போது விளங்கியது.

கனகு குனிந்து பார்த்தாள். கண்ணில் டிவியின் நீலம். குரலில் வருத்தமே இல்லை, காத்திருக்கிற பிள்ளையின் பொறுமையின்மைதான் இருந்தது.

"மாமா சொல்லுதாவ, நீ செத்ததும் எனக்குத்தான் சான்ஸாம்."

சிவரஞ்சனி ஜாய்ஸ்டிக்கை எடுத்தாள்.

ஆடினாள். முப்பது வருஷத்துக்கு முந்தைய விரல்கள் எங்கிருந்தோ திரும்பி வந்தன. முள். தாவு. வௌவால். குனி. பள்ளம். தாவு. வியர்வை கண்ணில் இறங்கியது, துடைக்கக் கை இல்லை. கிராம்பு வாசனை காதோரம் வந்து போனது. அவள் விடவில்லை.

"அம்மைக்கு வராதவன்..." என்றாள் பல்லைக் கடித்துக்கொண்டு. "எம் புள்ளைக்கு வாரியாக்கும்? நான் சாவ மாட்டேம்ல. பாரு. நான் சாவ மாட்டேன்."

இசை வேகம் எடுத்தது. பாலம் வேகம் எடுத்தது.

"கனகு. எஞ்செல்லம். எந்திரிச்சுக் கீழ ஓடுட்டி."

"எஞ்சான்ஸு வரட்டும்மா."

கீழே கதவைத் தட்டும் சத்தம். "அக்கா! அக்கோவ்! இம்மானுவேலு!"

அவள் தலை அரை அங்குலம் திரும்பியது. அரை அங்குலம்தான். முள்.

ரெண்டாவது இதயம்.

இந்த முறை கண்ணும் போயிற்று. இருட்டில் விரல்கள் மட்டும் பட்டனைத் தேடிக்கொண்டிருந்தன. வெளிச்சம் திரும்பியபோது வாயில் ரத்தச் சுவை. உதடு மரத்திருந்தது. விரல்கள் ஆடிக்கொண்டிருந்தன. தொண்டையில் மிச்சமிருந்த காற்றையெல்லாம் கூட்டிக் கத்தினாள்.

"இம்மானுவேலு! கதவ ஒட! புள்ளயத் தூக்கிட்டுப் போ!"

அதே நேரத்தில் தேர் நிலைக்கு வந்தது. அதிர்வேட்டு வெடித்தது, ஒன்று, ரெண்டு, மூன்று. கூட்டம் 'கோவிந்தா' என்று எழுப்பிய சத்தத்தில் ஜன்னல் கண்ணாடி அதிர்ந்தது. சத்தம் அடங்கியபோது கீழே இம்மானுவேல் யாரிடமோ போனில் பேசுவது கேட்டது.

"கதவு சாத்தியிருக்குங்க, தட்டுனாலும் ஆரும் தொறக்கல. தேர் பாக்கப் போயிருப்பாக போல. நாளைக்கு வாரேன்."

வண்டி கிளம்பியது. தெருமுனையில் திரும்பியது. பிறகு அதுவும் இல்லை.

முள். தாவு. குனி. தாவு. ஒரே இதயம். அது அணைந்து அணைந்து எரிந்தது. அவள் நெஞ்சும் அப்படியே. எதிரில் இதுவரை பார்க்காத பள்ளம், திரையில் பாதி அகலம். ஓடிவந்த வேகத்தில் தாவினாள். கால் விளிம்பை விடும்போதே தெரிந்துவிட்டது. சீக்கிரம் தாவிவிட்டாள். ஒரு விரற்கடை. அக்கரை எட்டாது.

'டக்'.

எல்லாம் நின்றது. இசை நின்றது. பச்சை மனிதன் பள்ளத்துக்கு நேர் மேலே, முழங்காலை மடக்கியபடி, அந்தரத்தில் நின்றான். அவள் நெஞ்சும் பாதித் துடிப்பில் நின்றது. வலியில்லை. மூச்சில்லை. கழுத்தைத் திருப்ப முடியவில்லை, கண்ணை மட்டும் நகர்த்த முடிந்தது.

பாயில் கிடந்தது முதல் ஜாய்ஸ்டிக். ஸ்டார்ட் பட்டன் இருப்பது அதில் மட்டும்தான். நிறுத்துவதும் அதுதான், மறுபடி ஓட விடுவதும் அதுதான். அவள் கையிலிருந்த ரெண்டாவதில், அந்த இடத்தில், வெறும் பிளாஸ்டிக்.

கனகு நகர்ந்து வந்து அம்மாவின் தோளில் சாய்ந்துகொண்டாள். சின்ன உள்ளங்கையை விரித்து, ஜாய்ஸ்டிக்குக்குக் கீழே, தயாராகப் பிடித்தாள்.

ஸ்டார்ட் பட்டன் மெதுவாக, மெதுவாக, அழுந்தத் தொடங்கியது.